செமின் கிரனியேயில் ஓர் அழிந்த பெயர்

கல்லெழுத்துப் படிக்கத் தெரியுமா, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டுக் கேட்டு என்னை மொரீசியஸுக்கு வரவழைத்தவர்கள், வந்து சேர்ந்த பிறகு கல்லைக் காட்டுவதற்கு மட்டும் அவசரப்படவில்லை.

போர்ட் லூயி துறைமுகத்தில் என்னை எதிர்கொண்டவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஜவுளிக்கடை முதலாளி. அவருடைய கடை மாடியில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் சில மாதம் பாடம் சொல்வதற்காகவே நான் கப்பலேறினேன். அதனுடன் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. தீவின் தெற்கே செமின் கிரனியே என்ற கிராமத்தில் கரும்பு பயிரிடும் சிறு விவசாயிகள் கட்டிய அம்மன் கோயில் ஒன்று உண்டு. அந்தக் கோயிலுக்கு நிலம் விட்டவர்களின் பெயர்களைப் பொறித்த கல்லில் ஒரு பெயர் அழிந்துபோயிற்று. அதை நான் படித்து எழுதித் தந்தால் புதுக் கல்லில் வெட்டி நிறுத்துவார்களாம். "ஒரு பெயர்தானே, அரைமணி வேலை" என்றார் முதலாளி.

அரைமணி வேலை அல்ல என்று எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் என் கல்லூரி ஆசிரியர். அவர் இளமையில் ஆசியா மைனரின் தென்கரையில், லிசியா என்று வழங்கிய பழைய நாட்டில் சாசனம் தேடி அலைந்தவர். அந்நாட்டார் பாறையைக் குடைந்து கல்லறை அமைத்து, இதைக் கட்டியவன் இன்னான், இதனுள் இடம் பெறத்தக்கவர் இன்னார் என்று முகப்பில் பொறித்துவைத்தார்கள். அவர்களுடைய மொழி நமக்கு அரைகுறையாகவே விளங்குகிறது. கற்களும் அரைகுறையாகவே மிஞ்சியிருக்கின்றன. ஈரக் காகிதத்தை அந்தக் கற்களில் ஒற்றி எடுத்த அச்சுகளை வகுப்பில் விரித்து, சிதைந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கக் கூடும் என்று கேட்பார் ஆசிரியர். ஊகித்த சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள்தான் எழுதவேண்டும். குறி போடாமல் எழுதியவனை, பிறர் சட்டைப்பையில் கைவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். இடைவெளியில் நாம் ஒரு சொல்லை நிரப்பினால் ஒருத்தி குடும்பத்துப் பெண்ணாகிக் கல்லறைக்குள் இடம் பெறுகிறாள். இன்னொரு சொல்லை நிரப்பினால் வெளியே நிற்கிறாள். அவள் இறந்து ஈராயிரம் ஆண்டு ஆகிவிட்டதே என்று அலட்சியமாக இராதீர்கள் என்பார்.

அவர் படித்த கற்களிலிருந்த பெண்கள் என்றோ இறந்துபோனவர்கள். செமின் கிரனியேயில் அப்படி இல்லை என்பதை நான் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ரயிலேறினேன். கூர்ப்பீப் மேட்டில் வண்டி நின்றபோது ஊட்டியை நினைவூட்டும் சாரலும் குளிரும். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என் வேட்டியையும் குடையையும் பார்த்துக் கிரியோல் மொழியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த குமாஸ்தா ஒருவர் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். நான் சன்னல் வழியே ஒரு கூடைக்காரரிடம் தமிழில் வாழைப்பழம் கேட்டேனாம். "கோயிலில் சாமியிடம் பேசுகிற மொழியில் இவர் பழம் கேட்கிறார்" என்று ஒருத்தி சொல்ல, "சாமி கொடுத்தால்தான் உண்டு" என்றாளாம் மற்றவள். பழம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரோஸ் பெல்லில் கிளைவண்டிக்கு மாறவேண்டும். நிலையத்து வாசலில் ஒருவர் பருப்பு அரைத்துப் பச்சைமிளகாய் போட்டுப் பொரித்த உருண்டைகளை ரொட்டிக்குள் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். 'காத்தோ பிமா' என்றார். வாயில் போட்டதும் எங்கள் தெரு வடைக்கடையே நாவில் வந்து நின்றது. கடல் கடந்ததில் அது இளைத்திருந்தது. காரம் மட்டும் குறையவில்லை. இரண்டாவது ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள் கிளைவண்டி போய்விட்டது. அடுத்த வண்டி வரும்வரை மழையில் கூரையடியில் நின்றேன். வயிறு நிறைந்திருந்தபடியால் யார்மீதும் கோபம் வரவில்லை.

சூயாக்கில் இறங்கியபோது மாட்டுவண்டியுடன் காத்திருந்தவர் கோயில் சபையின் தலைவர் அர்னாசலோன். அருணாசலம் என்ற பெயர் பிரெஞ்சுக் குமாஸ்தாக்களின் பேனாவில் புகுந்து வெளிவந்த உருவம் அது. ஐம்பதை எட்டும் வயது, கரும்புத் தோகை கீறிய முன்கைகள், எதற்கும் அவசரப்படாத குரல்.

"வாங்க தம்பி. நம்ம தமிழ் கொஞ்சம் ஒடஞ்ச தமிழ். நீங்க ஒட்டவச்சிக் கேட்டுக்கணும்" என்றார்.

வழியில் வண்டிச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில், கல்லெழுத்தைப் படியெடுக்க நான் கொண்டுவந்த மைக்குப்பி உடைந்தது. மை என் பெட்டியைத் தாண்டி, அர்னாசலோன் வீட்டுக்கு வாங்கியிருந்த அரிசிச் சாக்கையும் நனைத்தது. நான் பதறினேன். அவர் சாக்கைத் திருப்பி வைத்துவிட்டு, கறுப்புச் சோறும் சோறுதான் என்றார்.

அன்று மாலை அவர் மனைவி லச்மி அம்மாள் பரிமாறிய சோறு, நல்லவேளையாக, வெள்ளையாகவே இருந்தது. பருப்பும் கருவாட்டுத் தக்காளித் தொக்கும் ஒரு கீரையும். சாப்பாட்டுக்கிடையே கல்லை எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். கொடியேற்றத்தன்று காலையில்தான் என்றார்கள். அந்தக் கல், விளக்கு வைக்கும் அடிப்பாகம் நீங்கலாக, ஆண்டு முழுவதும் சிவப்புத் துணி சுற்றியே நிற்கும். தீமிதி விழாவுக்குக் கொடியேறும் நாளில் துணியை அவிழ்த்துக் கழுவி, ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரின் பெயர்மேல் மஞ்சள் வைக்கும். வீட்டில் யார் இளையதோ அதன் கையால்தான் வைக்கவேண்டும். அதுவரை பூசாரிகூடத் துணியைத் தொடமாட்டார்.

பெயரைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் உண்டா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. கல் வெட்டியவர் இந்தியாவிலிருந்து வந்த கொத்தனார். அவருக்கு எழுத்துத் தெரியும். எது யாருடைய பெயர் என்று அவர் காட்டிக்கொடுத்த இடத்தைத் தகப்பன் பிள்ளைக்குக் காட்டி, கை வழியாகவே நினைவு வந்திருக்கிறது. பூசாரியும் பாட்டுகளைக் காதால் கற்றவர்தாம்.

"எங்க தாத்தா வேலாயுதம் பேரு உச்சியில இருக்கு. எங்கப்பா என்னெத் தோள்ல ஏத்தி வெக்கச் சொல்லுவாரு. அப்ப வெரல்ல எழுத்துத் தட்டும். இப்ப வழவழன்னு கெடக்கு தம்பி, ஒண்ணும் தட்டல" என்றார் அர்னாசலோன். அவருக்குப் போனது கல்லின் ஒரு பகுதி அல்ல என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் கல்லைச் சுற்றி இன்னொரு வழக்கு இருப்பதை மறுநாள் அறிந்தேன். எஸ்டேட்டார் துண்டுபோட்டு விற்ற நிலத்தை அக்காலத்தில் சில குடும்பங்கள் கூடி வாங்கி, அதில் ஒரு மூலையை அம்மனுக்கு விட்டன. கல்லில் பெயருள்ளவர்களின் சந்ததியில் வீடில்லாமல் போகிறவர் அந்த மூலையில் குடிசை போட்டுக்கொள்ளலாம். அவரை அங்கிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது. இந்த ஏற்பாட்டை ஊரில் எல்லோரும் அறிவார்கள், ஏற்கிறார்கள். இப்போது அந்த மூலையில் இருப்பது ஒரே குடிசை. அதே இடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு மண்டபம் கட்டச் சபை முடிவு செய்திருக்கிறது. குடிசையில் இருப்பவள் மரி தெரேஸ், எஸ்டேட் உத்தியோகஸ்தர்களின் துணிகளை வெளுப்பவள். தன் தாத்தா முத்துவின் பெயர் கல்லில் உண்டு என்பது அவள் கட்சி. அவள் காட்டும் இடத்தில் பெயரே கிடையாது என்பது ஊரின் கட்சி. தீமிதி முடிந்ததும் அவள் குடிசையைப் பிரிக்கவேண்டும்.

தமிழ் கற்பிக்கும் மண்டபம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? பாடம் சொல்லத்தானே கப்பலேறி வந்தேன். ஆனால் அதன் அஸ்திவாரம் ஒரு பெண்ணின் அடுப்பின்மேல் விழப்போகிறது என்றால், யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிற்பகலில் மரி தெரேஸே வந்தாள், தேய்த்த துணிமூட்டையுடன். நெடிய உருவம், கழுத்தில் மாதா பதக்கம், தமிழ் முகம். பேச்சு முழுவதும் கிரியோல். எனக்கு மொழிபெயர்த்தவர் அர்னாசலோன்தான். தமக்கு எதிரான பேச்சையும் அவர் சுருக்காமல், மழுப்பாமல் சொன்னார். இதை நான் நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

அவளுடைய கதை சிறியது. நாற்பது ஆண்டுக்கு முன் தீவை அழித்த பெரும்புயல் வரும்வரை அவள் கைக்குழந்தை. அம்மா அவளைக் கல்லின் காலடியில் உட்காரவைத்து, உட்கார்ந்தபடியே மஞ்சள் வைக்கச் செய்வாள். மிச்ச மஞ்சளைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அந்தக் கசப்பு இன்றும் நினைவிருக்கிறது. புயலில் அப்பா வீட்டோடு போய்விட்டார். அம்மா ஒரு கத்தோலிக்கரை மணந்து, அவளையும் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனாள். அதன் பிறகு அவள் இந்தக் கல்லின் அருகே வந்ததில்லை. கணவர் இறந்து, வாடகை வீடும் போனபின்தான் குடிசை போட்டாள்.

"கீழே வெளக்கு வெக்கிற அடையாளந்தான் இருக்கு. பேரே இல்ல. ஊருக்கே தெரியும்" என்றார் அர்னாசலோன். கைப்பிள்ளைக்கு மேலென்ன, கீழென்ன தெரியும் என்றாள் லச்மி அம்மாள், கேலியும் இரக்கமுமாக.

மரி தெரேஸ் துணிகளை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னதை அர்னாசலோன் எனக்கு அப்படியே சொன்னார்: "மிஸ்யே அர்னாசலோன், உனக்கு உன் அப்பா தோள் நினைவிருக்கிறது. எனக்குத் தரை நினைவிருக்கிறது. தோள் எப்படித் தரையைவிட உண்மை?"

மொழிபெயர்த்து முடித்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டையை மட்டுமல்ல, ஆளையும் சேர்த்து இஸ்திரி போடுகிறாள் என்றார். ஆனாலும் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. கல் என்ன சொல்கிறதோ அதற்குச் சபை கட்டுப்படும். படிக்கவேண்டியவர் இந்தத் தம்பி என்று என்னைக் காட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு எங்கள் வகுப்பறைக்கும் லிசியாவின் கல்லறைக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு வசதியானது என்று தோன்றியது. காகிதத்தில் நான் தவறாக நிரப்பினால் அடுத்து வருபவர் அடைப்புக்குறியைப் பார்த்துத் திருத்துவார். இங்கே என் ஊகத்தைக் கொத்தனார் உளியால் வெட்டிவிடுவார். உளிக்கு அடைப்புக்குறி தெரியாது.

கொடியேற்றம் வரை இருந்த நாள்களில் அர்னாசலோன் என்னைக் கரும்பு வயல்களுக்கு அழைத்துச் சென்றார். பெல் ஒம்ப்ர் பக்கம் கடல்வரை பச்சை. வயல் நடுவே கறுப்புக் கற்களைக் கோபுரம்போலக் குவித்திருக்கிறார்கள். நிலத்தைக் கொத்த வந்த முதல் தலைமுறை வெறுங்கையால் பொறுக்கிக் குவித்தவை. தஞ்சை வயலில் ஒரு கல் தட்டுப்பட்டாலே எங்கள் உழவர் ஏரை நிறுத்தி வியப்பார். அந்தக் குவியல்களில் எந்தப் பெயரும் இல்லை. கோயில் கல்லை இவர்கள் ஏன் சாமியாகக் கும்பிடுகிறார்கள் என்பது அங்கேதான் எனக்குச் சற்று விளங்கியது.

கொடியேற்றத்தன்று விடிகாலையில் கோயிலில் கூட்டம் நிறைந்தது. ஆளுயரத்தையும் தாண்டிய கல். பூசாரி துணியை அவிழ்த்து, குடம் குடமாக நீரை ஊற்றி, ஓர் ஆண்டின் மஞ்சளைக் கழுவினார். நான் முன்னே நகர்ந்து குனிந்தேன். எழுத்துகள் பரிச்சயமானவையாகவும் அன்னியமானவையாகவும் இருந்தன. அடியில், தரையோடு ஒட்டி, பிள்ளையார் சுழி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. அந்தச் சுழிக்கு எதிரே அகல்விளக்கு.

கல் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

சிரிப்பு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். சுற்றிலும் பார்த்தபோது அது நின்றுவிட்டது. ஈரத் தலையுடன் விரதமிருந்த மனிதர்கள், கையில் மஞ்சள் கிண்ணத்துடன் வரிசையில் நிற்கிறார்கள். முதல் உரிமை தலைவர் குடும்பத்துக்கு. அர்னாசலோன் தம் கடைசி மகளைத் தோளில் ஏற்றினார். அந்தச் சிறுமி தேங்காய் நாரால் கல்லின் உச்சியை அழுத்தித் தேய்த்தாள். பிறகு சாம்பல் போட்டு மறுபடி தேய்த்தாள். அப்புறம் மஞ்சள் வைத்தாள். நன்றாகத் தேய், கொள்ளுத்தாத்தாவுக்கு முகம் கழுவு என்று கீழேயிருந்து தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இடம் அம்மிபோலக் குழிந்து பளபளத்தது. ஒருவர்பின் ஒருவராகக் குழந்தைகள் வந்து, தத்தம் இடத்தைத் தேடி மஞ்சள் வைத்தனர். தரையோரத்தில் யாரும் வைக்கவில்லை. வேலிக்கு வெளியே துணிக்கூடையுடன் மரி தெரேஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் கோயில் ஓய்ந்ததும் வேலையைத் தொடங்கினேன். மை இல்லாததால் ஆசிரியரின் ஈரக்காகித முறையைக் கையாண்டேன். கனத்த காகிதத்தை நனைத்துக் கல்லில் பரப்பி, தூரிகையால் குத்தி எழுத்துக்குள் இறக்கி, காயவிட்டு உரித்தேன். விளக்குப் புகை படிந்திருந்த அடிப்பகுதியை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். கரி கையோடு வந்தது. அதன் அடியில், வெட்டிய நாளின் கூர்மையோடு, ஒரு பெயர் இருந்தது. தலையைக் கவிழ்த்துப் படித்தேன். வேலாயுதம்.

கல்லின் பக்கவாட்டிலும் எழுத்து உண்டு. ஊரார் சொன்ன ஏற்பாடு அங்கே அப்படியே இருந்தது: பேர் கண்டவர்கள் சந்ததியில் நிழலில்லாதவர்கள் இந்த மூலையில் குடிசை போட்டுக்கொள்ள ஒருவரும் தடை சொல்லப்படாது.

மாலையில் அர்னாசலோனைத் தனியாக அழைத்தேன். சபை முன்னால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு வழிபாடு இடம் மாறிப்போயிற்று என்ற செய்தி ஒரு கூட்டத்தில் விழுந்தால், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் நேர்ந்த நோய்க்கும் சாவுக்கும் அதையே காரணமாக்கிக்கொள்வார்கள் என்று அஞ்சினேன். முதலில் கேட்கவேண்டியவர் இவர்தாம். காய்ந்த காகித அச்சை அவர் முன் விரித்து, புயலில் கல் விழுந்ததா என்று கேட்டேன்.

விழுந்தது என்றார். மண்ணில் புதைத்திருந்த அடிப்பாகம் முறிந்துபோயிற்று. புயல் ஓய்ந்த பிறகு அவர் அப்பாவும் வேறு சிலரும் தூக்கி நிறுத்தினார்கள். எழுத்துத் தெரிந்த கொத்தனார் அதற்குமுன்பே காலமாகியிருந்தார்.

காகிதத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் இருந்த வேலாயுதம் உச்சிக்கு வந்தது. வழவழப்பான வெற்றிடம் அடிக்குப் போனது. அவருடைய விரலைப் பிடித்து உச்சியில் வைத்தேன். அச்சில் எழுத்துப் புடைத்திருக்கும், விரலில் தட்டும்.

"இதுதான் ஐயா உங்க தாத்தா பேரு. அழியவே இல்லை."

அவர் விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு மெல்ல அதைக் காகிதத்தின் அடிப்பக்கத்துக்கு இறக்கி, ஒன்றும் தட்டாத இடத்தில் நிறுத்தினார்.

"அப்ப இது?"

"உட்கார்ந்த குழந்தைக்கு எட்டுகிற இடம்."

அவர் வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அன்புதான் அந்தப் பெயரை அழித்தது என்பதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாரும் சாம்பலும் அவர் வீட்டுடையவை.

"நாப்பது வருசமா எங்க தாத்தாவுக்கு ஒருத்தரும் ஒண்ணும் வெக்கலயா தம்பி?" என்று கேட்டார்.

தினமும் விளக்கு வைத்திருக்கிறீர்கள் என்றேன். ஊரே சேர்ந்து, ஒரு நாளும் தவறாமல், அவர் பெயருக்கு எதிரேதான் ஏற்றியிருக்கிறது. அந்தப் புகைதான் மூடிக் காப்பாற்றியது. இது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. கல்லில் நான் கண்டது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் இன்னொன்றையும் சொன்னேன். அந்தக் குழிவின் ஓரத்தில் ஒரு வளைவும் ஒரு கோடும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. முத்து என்ற பெயருக்கு அவை பொருந்தும். வேறு சில பெயர்களுக்கும் பொருந்தும். எழுத்தை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மரி தெரேஸ் காலடி என்று சொன்னபோது அது அவளுக்கே பாதகமான சாட்சியாக இருந்தது, ஊர் சிரித்தது. பொய் சொல்ல நினைத்தவள் எல்லோரும் காணும் வெற்றிடத்தை, உச்சியை, அல்லவா காட்டியிருப்பாள்? கல் புரண்டது தெரியாத அவள், அது புரளுவதற்கு முந்திய இடத்தைச் சொன்னாள். இதைவிட நல்ல சாட்சி எனக்கு லிசியாவிலும் கிடைக்காது.

லிசியா எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். தூரத்தில் என்றேன்.

மறுநாள் சபை கூடியது. செய்தியைச் சொன்னவர் அர்னாசலோன்; நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. பூசாரி அச்சத்தோடு எழுந்து, இத்தனை காலம் தப்பாகக் கும்பிட்டோம் என்றால் அம்மன் நம்மை என்ன செய்வாள் என்றார். நான் அஞ்சிய கணம் அதுதான்.

அர்னாசலோன் சற்று யோசித்துச் சொன்னார்: "தப்பான ஆளுக்கு நாம வெக்கல. நம்ம தாத்தாவுக்கு அவங்க வெச்சாங்க, அவங்க தாத்தாவுக்கு நாம வெச்சோம். எல்லாருக்கும் மஞ்சளோ வெளக்கோ போயிருக்கு. ஒருத்தருக்குத்தான் நாம தேச்சுத் தேச்சே பேர அழிச்சிட்டம். அந்தக் கடன்தான் பாக்கி."

முணுமுணுப்பு அடங்கியது. பின்வரிசையில் யாரோ கிரியோலில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். தன் மாமனாரோடு தனக்குப் பேச்சே இல்லை, அவர் வீட்டுத் தாத்தாவுக்கா இத்தனை வருஷம் முகம் கழுவினேன் என்று அந்த மனிதர் நொந்துகொண்டாராம். அந்தச் சிரிப்பில் பூசாரியும் சேர்ந்துகொண்டபோது எனக்கு மூச்சு வந்தது. மண்டபத்தின் நீளத்தைக் குறைத்துக்கொள்வது, குடிசையைத் தொடுவதில்லை, கல்லை நிமிர்த்துவது என்று முடிவாயிற்று.

புதுக் கல் வெட்டுவதா என்ற கேள்வி மிஞ்சியது. அழிந்த இடத்தில் நான் என்ன எழுதித் தருவேன் என்று கேட்டார்கள். என் படியில் எழுதியிருந்ததைக் காட்டினேன்: அடைப்புக்குறிக்குள் முத்து. இந்த இரண்டு கோடு எதற்கு என்று அர்னாசலோன் கேட்டார். கல் சொல்லவில்லை, நாங்கள் ஊகித்தோம் என்பதற்கு அடையாளம் என்றேன். கல்லில் அதை வெட்டினால் பிற்பாடு வருகிறவனுக்குப் புரியாதே என்றார். புரியாது என்று ஒப்புக்கொண்டேன். மரி தெரேஸையே கேட்டுவிடலாம் என்று ஆளனுப்பினார்கள்.

அவள் வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றபடி முழுவதையும் கேட்டாள். முடிவையும் கேட்டாள். உடனே நம்பவில்லை, அர்னாசலோனை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். பிறகு அவள் சொன்ன பதிலை அவர் எங்களுக்குத் தமிழில் தந்தார்: "எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதினாலும் நான் விரலால்தான் பார்ப்பேன். வழவழப்பாகவே இருக்கட்டும், தேடாமல் அகப்படும்."

புதுக் கல் வெட்டப்படவில்லை.

தீமிதிக்கு முன்பே ஒரு நாள் காலையில் கல்லைப் பெயர்த்து நிமிர்த்தினார்கள். நான் பெயர்களை மேலிருந்து உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் முன்னே வந்து, தன் குழந்தையின் கையைப் புதிய இடத்தில் வைத்துப் பழக்கியது. பழைய இடத்துக்கே போன கைகளைத் தாய்மார்கள் இழுத்து வந்தார்கள். அர்னாசலோன் மகளைத் தோளில் ஏற்றினார். அவர்களுக்கு மட்டும் உயரம் மாறவில்லை. நாரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

கடைசியாகக் காலடி. நான் படிக்கவில்லை, அர்னாசலோன்தான் "முத்து" என்றார். மரி தெரேஸ் கூடையை வேலியருகே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இளையவர்தான் வைக்கவேண்டும் என்று பூசாரி தயங்கினார். என் வீட்டில் நான்தான் இளையவள் என்றாள். மார்பில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். லச்மி அம்மாள் மஞ்சள் கிண்ணத்தை நீட்டினாள். பெருவிரலால் குழிவுக்குள் வைத்துவிட்டு அவள் உடனே எழவில்லை. எழுந்தபோது, விரலில் ஒட்டியிருந்ததைக் கழுவ லச்மி அம்மாள் தண்ணீர் ஊற்றப்போனாள். அவள் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் புறப்பட்டேன். அர்னாசலோன் வண்டியை வேண்டுமென்றே கோயில் மூலை வழியாக ஓட்டினார். மரி தெரேஸ் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாள், குடிசை பூட்டியிருந்தது. கொடியில் யாரோ ஒரு துரையின் வெள்ளைச் சட்டைகள். வாசல் நிலையில் சென்ற ஆண்டின் குருத்தோலைச் சிலுவை காய்ந்து பழுத்துத் தொங்கியது. அதற்குக் கீழே, உட்கார்ந்த குழந்தைக்கு எட்டும் உயரத்தில், மரத்தின்மீது ஒரு பெருவிரல் அகலத்துக்கு மஞ்சள்.